மறுபதிப்பு என்று அச்சிலேயே சொல்லுங்கள்: தென்னாப்பிரிக்கப் பழைய வீடியோ கேம் சேகரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

டர்பனிலும் சுற்றுப்புற ஊர்களிலும் பழைய வீடியோ கேம்களைச் சேகரிப்போருக்கும், அவற்றின் கையேடுகளை ஸ்கேன் செய்து மறுபதிப்பாக விற்போருக்கும், அந்த வேலையை ஏற்றுச் செய்து தரும் சிறு அச்சகத்தாருக்கும்,

வணக்கம்.

கையேடு தொலைந்துபோன கேம் பெட்டிகளுக்காகப் புதிதாக அச்சிடப்படும் கையேடுகள் இப்போது நம் ஊர்ச் சேகரிப்பாளர்களிடையே தாராளமாகக் கைமாறுகின்றன. அவற்றை நிறுத்தச் சொல்லி இம்மடலை எழுதவில்லை. அச்சிடுங்கள், ஆனால் ஒவ்வொரு பிரதியிலும் அது மறுபதிப்பு என்பதை அழிக்க முடியாதபடி அச்சிலேயே சொல்லுங்கள், அதற்கு மூலமாக எடுத்த ஸ்கேனை எந்தத் திருத்தமும் செய்யாத நிலையில் பிறருக்கும் கிடைக்கும்படி வையுங்கள் என்பதே என் வேண்டுகோள். ஆப்செட் அச்சகம் ஒன்றில் அச்சுக்கு முந்தைய தயாரிப்பு வேலைகளைப் பார்ப்பவன் என்பதால், இதில் எது எளிது, எது சிரமம் என்பதை ஓரளவு அறிந்தே கேட்கிறேன். சாட்ஸ்வொர்த், மெர்பேங்க், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கங்களில் தமிழ் படிக்கும் சேகரிப்பாளர்களும், அவர்களிடம் வாங்கும் சென்னை, மொரிஷியஸ் நண்பர்களும் தங்களுக்குள் இதைப் பேசிக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று தமிழில் எழுதுகிறேன்.

கையேடு என்பது பெட்டிக்குள் கிடக்கும் உபரிக் காகிதம் என்று இன்றைய இளைஞர்கள் நினைத்தால் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுகளில் அச்சுக் கையேட்டைக் கைவிடப்போவதாக யூபிசாஃப்ட் நிறுவனம் 2010இல் அறிவித்தது. மற்ற நிறுவனங்களும் விரைவில் அதே வழியில் போயின. அதற்கு முந்தைய தலைமுறைகளில் விளையாட்டின் ஒரு பகுதி திரையில் இருந்தது என்றால், மறு பகுதி காகிதத்தில் இருந்தது. நிண்டெண்டோ 1990இல் வெளியிட்ட ஸ்டார்டிராபிக்ஸ் விளையாட்டின் பெட்டிக்குள் ஒரு கடிதம் இருந்தது. அதைத் தண்ணீரில் நனைத்தால்தான் 747 என்ற எண் தெரியும், அந்த எண்ணைத் தராமல் ஒரு கட்டத்துக்கு மேல் நகர முடியாது. மெட்டல் கியர் சாலிட் (1998) விளையாட்டில் ஒரு பெண்ணைத் தொடர்புகொள்ள வேண்டிய அலைவரிசை வட்டு உறையின் பின்பக்கம் அச்சாகியிருந்தது; படியெடுத்த வட்டை மட்டும் வைத்து விளையாடியவர்கள் அந்த இடத்தில் திகைத்து நின்றார்கள்.

1989இல் வந்த சிம்சிட்டியின் கணினிப் பதிப்பு இன்னும் ஒருபடி மேலே போனது. விளையாடுபவர் விலை கொடுத்து வாங்கியவர்தானா என்று சோதிக்க அது கேட்ட கேள்விகளுக்கு விடைகளை, அடர் சிவப்புத் தாளில் கறுப்பு மையால் அச்சிட்டிருந்தார்கள். அக்கால ஜெராக்ஸ் இயந்திரத்தில் வைத்தால் தாள் முழுதும் கறுத்துப்போகும். இன்று அதே தாளை வண்ண ஸ்கேனரில் எடுத்து, சிவப்பு நிறத்துக்கான பகுதியை மட்டும் பிரித்துப் பார்த்தால், தாளின் சிவப்பு வெளுத்து ஒதுங்க, கறுப்புக் குறிகள் தெளிவாக எழுந்து நிற்கும். படியெடுக்கக் கூடாது என்றே தயாரிக்கப்பட்ட காகிதம் இன்று படியெடுப்பவர்களால்தான் பிழைத்திருக்கிறது என்பதை, மறுபதிப்பையே பாவம் என்று பேசுவோர் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1990களில் இங்கே வளர்ந்தவர்களில் பலருக்கு முதல் விளையாட்டுப் பெட்டி நிண்டெண்டோவோ சேகாவோ அன்று. நிண்டெண்டோவின் ஃபாமிகாம் என்ற விளையாட்டுப் பெட்டியைப் பார்த்துச் செய்த ‘கோல்டன் சைனா’ போன்ற ‘டிவி கேம்’ பெட்டிகள்தான். கார்ட்ரிட்ஜின் மேல் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் என்று போட்டிருக்கும். உள்ளே சில விளையாட்டுகளே பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும். கையேடு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. எந்தப் பொத்தான் எதற்கு என்பதைப் பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட தலைமுறைதான் இப்போது சம்பாதிக்கத் தொடங்கிய பின், அன்று கைக்கு வராத கையேடுகளைத் தேடித் தேடி வாங்குகிறது. அந்த ஆசையில் தவறு காண எனக்கு மனமில்லை. ஆனால் அதே ஆசைதான் விலையை ஏற்றுகிறது, போலிக்கும் வழி திறக்கிறது.

இணையத்தில் எல்லாம் இருக்கிறதே, எதற்கு நாம் ஸ்கேன் செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் வெளியான பிளேஸ்டேஷன் 2 கையேடுகள் 1,900க்கும் மேற்பட்டவை 2022இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் ஏற்றப்பட்டன. அதற்குப் பின்னால் இருக்கும் உழைப்புக்கு முன் கைகூப்பத்தான் வேண்டும். ஆனால் அவை அமெரிக்கப் பதிப்புகள். நம்முடையது, ஐரோப்பாவில் பரவலாக இருந்த ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறைத் தொலைக்காட்சியைக் கொண்ட நாடு. இங்கே கடைகளுக்கு வந்தவை ஐரோப்பியச் சந்தைக்கான பதிப்புகள். சேகாவின் மெகா டிரைவ் கையேடுகள் பலவற்றில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் ஜெர்மனும் ஸ்பானிஷும் அடுத்தடுத்து வரும். பக்க எண்ணிக்கையும் அட்டையும் மாறும். வயது மதிப்பீட்டுக் குறியும் வேறு. அமெரிக்கக் கோப்பைப் பதிவிறக்கி அச்சிட்டு, பால் பெட்டிக்குள் செருகி, ‘முழுத் தொகுப்பு’ என்று விற்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. பின்னட்டையில் அமெரிக்க மதிப்பீட்டுக் குறியும் பெட்டியில் ஐரோப்பியக் குறியும் ஒன்றாக இருக்கும் அப்படிப்பட்ட பொருளை எந்த நிறுவனமும் எந்த நாட்டிலும் வெளியிட்டதே இல்லை. வாங்குபவர் அதை அலமாரியில் வைத்துக்கொள்வதோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. பத்தாண்டு கழித்து அவர் விற்கும்போது, அடுத்தவர் அதையே ஆதாரமாகக் கொண்டு ‘தென்னாப்பிரிக்காவுக்கு இப்படித்தான் வந்தது’ என்று எழுதி வைப்பார்.

ஆகவே நம்மிடம் உள்ள பால் பதிப்புகளை நாமேதான் ஸ்கேன் செய்தாக வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதில் சில வார்த்தைகள் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். பல கோப்புகள் பாழாவது இங்கேதான்.

இந்தக் கையேடுகளில் பெரும்பாலானவை நடுவில் இரண்டு கம்பிப் பின் அடித்த, சென்டர் பின்னிங் முறையில் தைத்த புத்தகங்கள். தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து வைத்திருப்பதால், பதினாறு பக்கக் கையேட்டில் 16ஆம் பக்கமும் 1ஆம் பக்கமும் ஒரே தாளில் அருகருகே இருக்கும். அதன் மறுபுறம் 2ஆம், 15ஆம் பக்கங்கள். எந்தத் தாளை எடுத்தாலும் அருகருகே உள்ள இரு எண்களின் கூட்டுத்தொகை பதினேழுதான். பின்னைக் கழற்றாமல் விரித்து அழுத்தினால் மடிப்பு ஓரம் கண்ணாடியில் படியாது. மலிவான மெல்லிய ஸ்கேனர்களால் கண்ணாடியிலிருந்து சிறிது விலகி நிற்பதைக்கூடத் தெளிவாகப் பிடிக்க முடியாது என்பதால் அந்த ஓரம் மங்கிப்போகும். பின்னின் கால்களை உட்புறத்திலிருந்து மெல்லிய தகட்டால் நிமிர்த்தி, வெளிப்புறமாக மெதுவாக இழுத்தெடுப்பதே சரியான முறை. டர்பனின் கடற்காற்றுக்குத் துருப்பிடித்த கம்பிப் பின் பாதியில் ஒடியும். அவசரப்பட்டால் மடிப்போடு தாளும் கிழியும். கட்டிங் மெஷினில் கொடுத்து முதுகை வெட்டி, தாள்களைத் தானியங்கி ஸ்கேனரில் ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து அதை இன்றே நிறுத்துங்கள். நேரம் மிச்சமாவது உண்மைதான், ஆனால் அந்தப் பிரதி அத்தோடு முடிந்தது.

தாளின் பின்புறம் கறுப்புக் காகிதம் ஒன்றை வைத்தால் மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரியாது. ஸ்கேனர் தானாகச் செய்யும் கூர்மையாக்கலையும் நிறத் திருத்தத்தையும் அணைத்துவிட வேண்டும். அடர்த்தி 600 டிபிஐக்கு, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளிகளுக்கு, குறையக் கூடாது. ஆப்செட் அச்சில் ஒரு படம் என்பது நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளின் வரிசை. அங்குலத்துக்கு 150 வரிசைகள் என்பது வழக்கமான அளவு. அதை 300 டிபிஐயில் எடுத்தால் புள்ளி வரிசையும் ஸ்கேனரின் வரிசையும் மோதி, படம் முழுவதும் அலையலையான கோடுகள் விழும். 600இல் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் நகலை மட்டும் லேசாக மங்கலாக்கி 300க்குச் சுருக்கினால் புள்ளிகள் மறைந்து படம் நிற்கும். பன்னிரண்டு சென்டிமீட்டர் சதுரமான ஒரு பிளேஸ்டேஷன் கையேட்டுப் பக்கம் 600 டிபிஐயில், படத்தின் தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக, ஏறத்தாழ 24 எம்பி இருக்கும். இருபத்து நான்கு பக்கங்களுக்கு 600 எம்பிக்குள் அடங்கிவிடும். இன்றைய சேமிப்பக விலையில் இது ஒரு பொருட்டே அன்று. ஆனாலும் ஜேபெக்காகச் சுருக்கி, திருத்தி, மீண்டும் சுருக்கி, கடைசியில் மூலக் கோப்பையே அழித்துவிடும் வழக்கம் நம்மில் பலரிடம் இருக்கிறது.

திருத்தம் செய்யும் விஷயத்தில் உங்களில் பலரோடு நான் மாறுபடுகிறேன். மஞ்சள் படிந்த தாளைப் பளிச்சென்று வெள்ளையாக்கி, கறையை அழித்து, எழுத்துகளைப் புதிய எழுத்துருவில் மறுபடி அடித்து, ‘மூலத்தைவிட அழகாக’ இருக்கிறது என்று பெருமைப்படுகிறீர்கள். அச்சிட்டு விற்கும் பிரதிக்கு அந்த அலங்காரம் இருந்துவிட்டுப் போகட்டும்; பாதுகாக்க வேண்டிய கோப்பில் அது கூடாது. என் கைக்கு வந்த ஒரு கையேட்டின் கடைசியில் ‘குறிப்புகள்’ என்று விட்டிருந்த வெற்றுப் பக்கத்தில், ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு, எந்தக் கட்டத்தில் புள்ளி வர வேண்டும் என்று பென்சிலால் யாரோ குறித்திருந்தார்கள். விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடர்வதற்கான கடவுக்குறி அது. அதன் கீழே அண்ணா, அக்கா, தாத்தா என்று மூன்று பெயர்கள், எதிரே மதிப்பெண்கள். தாத்தாவின் எண் மட்டும் அடிக்கப்பட்டுத் திருத்தி எழுதப்பட்டிருந்தது. அதை விற்றவர், ‘அழிப்பானால் துடைத்தால் போய்விடும், சேதம் ஒன்றுமில்லை’ என்று அக்கறையோடுதான் சொன்னார்.

நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு வந்த ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் கப்பல் பட்டியல்களில் தங்கள் முப்பாட்டனின் பெயர் உள்ள வரியைத் தேடிப் போனவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஊர்ப் பெயரை எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அந்தப் பிழையைத் திருத்தி, அழகாகத் தட்டச்சு செய்த பட்டியலை மட்டும் நமக்குக் கொடுத்து, மூலத்தின் படத்தை ஒருவர் எறிந்துவிட்டிருந்தால் நாம் அவரை வாழ்த்தியிருப்போமா? கையேடு அவ்வளவு பெரிய ஆவணமன்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூலத்தை மூலமாக விட்டுவைக்க வேண்டும் என்ற முறை இரண்டுக்கும் பொதுதான்.

இனி விற்பனையைப் பற்றி. மறுபதிப்பை மூலம் என்று சொல்லி விற்பது எல்லோரும் செய்வதில்லை. சொல்லாமல் விற்பதுதான் அதிகம். ‘கையேட்டுடன்’ என்று மட்டும் போட்டு, விலையை மூலத்துக்கான விலையாக வைத்துவிட்டு, கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். என் உறவினர் ஒருவர் அப்படி வாங்கிவந்த கையேட்டை என்னிடம் காட்டியபோது, பத்து மடங்கு பெருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை அதன் எழுத்துகளின் மேல் வைத்தவுடனே தெரிந்துவிட்டது. மூலத்தில் கறுப்பு எழுத்து தனித் தகட்டில், கறுப்பு மையால் மட்டும் அச்சாகும்; அதன் ஓரம் கத்தியால் வெட்டியது போலிருக்கும். ஸ்கேனிலிருந்து அச்சிட்டால் அந்தக் கறுப்பு நான்கு நிறங்களின் கலவையாக மாறிவிடுவதால், எழுத்தின் ஓரத்தில் நீலமும் சிவப்பும் பொடிப்பொடியாகச் சிதறித் தெரியும். படங்களிலும் ஆப்செட்டுக்குரிய பூப்போன்ற ஒழுங்கான புள்ளிக் கூட்டம் இருக்காது. லேசர் அச்சானால் கோடுகளும், இங்க்ஜெட்டானால் ஒழுங்கற்ற தூறலும் இருக்கும். புற ஊதா விளக்கில் காகிதம் நீலமாக ஒளிர்ந்தால் அது புதியது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. வெண்மையூட்டும் அந்த இரசாயனம் பல பத்தாண்டுகளாகவே காகிதத்தில் சேர்க்கப்பட்டு வருவதால், அதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இத்தனையும் வாங்குபவர் கற்றுத் தேற வேண்டிய வித்தையாக இருப்பதே முறையன்று. வணிகமாக விற்பவர் பொருளின் தன்மையைப் பற்றித் தவறான எண்ணம் உண்டாக்கக் கூடாது என்று 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது; சொல்லாமல் மறைத்து உண்டாக்கும் எண்ணமும் அதில் அடங்கும். பதிப்புரிமையைப் பொறுத்தவரை நம் நிலை இன்னும் பலவீனமானது. 1978ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஆய்வுக்கும், தனிப்பட்ட படிப்புக்கும், சொந்தப் பயன்பாட்டுக்கும் நியாயமான அளவில் படியெடுக்க இடம் தருகிறது; அச்சிட்டு விற்பதை அது சொந்தப் பயன்பாடாகக் கருதாது. எழுதியவர் மறைந்து 50 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும் என்பதால், நாம் பேசும் கையேடுகள் எவையும் அண்மையில் பொதுவுடைமை ஆகப்போவதில்லை. நியாயமான பயன்பாட்டையும் நூலகங்கள், ஆவணக் காப்பகங்களுக்கான விலக்குகளையும் விரிவுபடுத்தும் திருத்த மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றிய பிறகும், குடியரசுத் தலைவர் 2024 அக்டோபரில் அதை அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அது எப்படி முடிந்தாலும், விற்பனைக்கான மறுபதிப்பை அது காப்பாற்றும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். உரிமையாளர்கள் இத்தனை காலம் கண்டும் காணாமல் இருப்பது நம் அளவு சிறியது என்பதால்தான் என்று நினைக்கிறேன். காகிதத்துக்கும் மைக்கும் கூலிக்கும் மேல் பெரிய இலாபம் வைக்காமல், மூலம் போல் நடிக்காமல் இருப்பது அந்தப் பொறுமையைக் கெடுக்காமலிருக்க நம்மால் ஆன வழி.

குறியிட்டால் அழகு போய்விடும் என்பதுதான் என்னிடம் அதிகம் சொல்லப்படும் ஆட்சேபம். பின்னட்டையின் உட்புறம், மடிப்பை ஒட்டி, ஆறு பாயின்ட் எழுத்தில் ஒரே வரி போதும்: ‘மறுபதிப்பு’ என்ற சொல், அச்சிட்ட ஆண்டு, எந்த நாட்டுப் பதிப்பிலிருந்து எடுத்தது, விளையாட்டு நிறுவனத்துக்கு இதில் தொடர்பில்லை என்ற அறிவிப்பு. அதை ஆங்கிலத்திலேயே போடுங்கள். பொருள் நாடு விட்டு நாடு போகும். ஒட்டுத்தாள் வேண்டாம், அடுத்த கை அதை உரித்துவிடும். பென்சிலும் முத்திரையும் வேண்டாம். இந்த வரி இல்லாத கோப்பை அச்சிட மாட்டோம் என்று அச்சகத்தார் நாலு பேர் சொல்லிவிட்டால், சேகரிப்பாளர்களிடையே நடக்கும் வாதத்தில் பாதி அடங்கிவிடும். அச்சகத்தாருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சென்டர் பின்னிங்கில் உள்தாள்கள் வெளியே பிதுங்கி, மடித்த பிறகு ஓரம் வெட்டப்படுவதால், மூலத்தில் நடுப்பக்கங்கள் அட்டையைவிடச் சற்றுக் குறுகியவை. எல்லாப் பக்கங்களையும் ஒரே அகலத்துக்கு இழுத்து வைத்தால் எழுத்து ஓரத்துக்கு நகர்ந்து வெட்டுப்படும். வாடிக்கையாளர் கொண்டுவரும் கோப்பை அப்படியே ஓட்டாமல், முதலில் ஒரு மாதிரி மடித்துப் பாருங்கள்.

ஸ்கேன் கோப்புகளை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒரு படி, உள்ளூரில் இருவரிடம் தனித்தனி வட்டுகளில் ஒவ்வொரு படி என்றாவது இருக்கட்டும். கோப்பின் பெயரில் விளையாட்டின் பெயர், இயந்திரம், பதிப்பின் நாடு, கையேட்டிலேயே அச்சாகியிருக்கும் பொருள் எண் ஆகியவை இருந்தால் எவரும் தேடி எடுத்துக்கொள்வார்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. கோல்டன் சைனா அல்லது அதையொத்த டிவி கேம் பெட்டியோடு வந்த விளக்கத் தாளோ, அச்சட்டையோ, உத்தரவாதச் சீட்டோ யார் வீட்டிலாவது இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை ஸ்கேன் செய்யுங்கள். அமெரிக்காவிலோ ஜப்பானிலோ யாரும் நமக்காக அதைத் தேடப்போவதில்லை. ஸ்கேனர் இல்லாதவர்கள் டர்பனில் எந்த வார இறுதியிலும் என்னிடம் கொண்டுவரலாம். நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, பின்னைக் கழற்றி, ஸ்கேன் செய்து, பழைய துளையிலேயே துருப்பிடிக்காத பின்னைப் போட்டு, தாளையும் கோப்பையும் கையோடு திருப்பித் தருகிறேன். கட்டணம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
அச்சகப் பணியாளரும் சேகரிப்பாளருமான ஒருவன்,
டர்பன்